அமுக்கிப் பிடித்தவன்

குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டால் குத்துக்கல்வலசைக்குச் சரியாகப் பொழுது விடியாது. அன்றைக்கு நடுப்பகலிலும் மரஅறுவை மில்லுக்குள் இருட்டாகவே இருந்தது. நனைந்த மரத்தூள் புளிப்பு வாடை அடித்தது. சாப்பாட்டு நேரம். எல்லோரும் தெருமுனை ஓட்டலுக்குப் போயிருந்தார்கள். காலையில் போன கரண்ட் அப்போதுதான் வந்தது. மிச்சமிருந்த இரண்டு பலகையையும் அறுத்துவிட்டுச் சாப்பிடலாம் என்று பிச்சுமணி மட்டும் பாதி வழியில் திரும்பி வந்தான்.

அந்த வட்ட ரம்பத்துக்கு முன்னால் தனியாக நிற்பது அவனுக்கு ஆகாது. போன வருஷம் அதே இடத்தில்தான் கூட்டாளி வல்லிநாயகத்தின் தொடை கிழிந்தது. பிச்சுமணி வேட்டியைக் கிழித்துக் காயத்தில் வைத்து, தென்காசி போய்ச் சேரும் வரைக்கும் டாக்சியில் விடாமல் அமுக்கிப் பிடித்தான், என்ன செய்ய, விதி முடிந்துவிட்டது என்று ஊரே சொன்னது. பாவி, அவனே கட்டிவிட்ட கதை அது. ரத்தம் நின்றுவிட்டதா என்று பார்க்கிற பதற்றம் அவனுக்கு அடங்கவில்லை. நிமிஷத்துக்கு ஒரு தடவை துணியைத் தூக்கினான். தூக்கிய போதெல்லாம், நிற்கப்போன ரத்தம் மறுபடியும் குபுகுபுவென்று வந்தது.

"எடுத்துப் பாக்காதலே... அமுக்கிப் பிடிலே" என்று வல்லிநாயகம் கெஞ்சினான். ரயில்வே கேட்டைத் தாண்டியபோது அந்தக் கெஞ்சலும் நின்றுபோனது.

பிச்சுமணி ஸ்விட்சைப் போட்டான்.

பலகைக்குள் பழைய ஆணி ஒன்று இருந்திருக்கிறது. பலகை துள்ளியது. அவனுடைய இடது மணிக்கட்டு ரம்பத்தில் பட்டு மீண்டது.

முதலில் வலி தெரியவில்லை. மரத்தூளில் சிவப்பு பரவுவதுதான் தெரிந்தது. வலது கையால் பொத்தினான், விரல்கள் வழுக்கின. கூப்பிடக் குரல் எழும்பவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது, பொத்திய கை நழுவியது.

அப்போது யாரோ பிடித்தார்கள்.

ஐந்து குளிர்ந்த விரல்கள் காயத்தின் மேல் இறுகின. கையைத் தலைக்கு மேலே தூக்கி நிறுத்தின.

பக்கத்தில் ஆள் இல்லை.

ரத்தம் நின்றது.

மில்லில் கூட வேலை பார்க்கும் முகம்மது மீரான் சாப்பிட்டுவிட்டு வந்தபோது, தூக்கிய கையோடு பிச்சுமணி மரத்தூளில் கிடந்தான். அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

"பெரிய ரத்தக்குழாயே அறுந்திருக்கு. முக்கால் மணி நேரம் யாருப்பா இப்படி அமுக்கிப் பிடிச்சது?" என்று டாக்டர் கேட்டார்.

"யாரும் இல்ல சார். ஒத்தையிலதான் கெடந்தான்" என்றான் மீரான்.

தையல் போட்டும் விரல்கள் நீலமாகவே இருந்தன. கட்டு இறுக்கமோ என்று நர்ஸ் அவிழ்த்துப் பார்த்தாள். அடியில் ஐந்து விரல் தடங்கள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை இன்னும் ஆழமாக இறங்கின.

நர்ஸ் துணியைப் போட்டுவிட்டு வெளியே ஓடினாள்.

"ரத்தம் நின்னுட்டுலே, நாயகம்" என்று பிச்சுமணி கிசுகிசுத்தான். "விட்டுருலே. நான் பண்ணுனது தப்புதான். பயத்துல பண்ணிட்டேன்லே."

பிடி தளரவில்லை.

மூன்றாம் நாள் விரல்கள் கறுத்தன. ஐந்தாம் நாள் மணிக்கட்டோடு கையை எடுத்துவிட்டார்கள். ரம்ப வேலையைத் தவிர வேறு பிழைப்புத் தெரியாதவன், குமுறிக் குமுறி அழுதான். ஆனாலும் அடிமனசில் ஒரு நிம்மதி இருந்தது. பிடிப்பதற்கு இனி அங்கே கை இல்லை.

வீட்டுக்கு வந்த அன்று மத்தியானம் மனைவி முத்துவடிவு கஞ்சி கொண்டுவந்தாள். ஊட்டிவிட வசதியாக அவனைச் சாய்த்து உட்காரவைத்து, இடது சட்டைக் கையைச் சுருட்டியவள் திகைத்தாள்.

"இது என்ன, முழங்கைக்கு மேல இப்பிடிக் கன்னிப்போயிருக்கு?"

அவன் குனிந்து பார்க்கத் துணியவில்லை. சூடு பறக்கத் தேய்த்துவிடலாம் என்று அவள் அந்த இடத்தில் கையை வைத்தாள். உடனே வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஏங்க" என்றாள். "இங்கன யாரோட கையோ இருக்கு."