அரை நிமிட மௌனம்

செல்போன் அலறியபோது கத்திரி ஓர் இருமலைக் கொன்றுகொண்டிருந்தாள்.

இருமல், ஒரு லிஃப்ட் மெக்கானிக்குடையது. 'வேலையும் நாமும்' பாட்காஸ்ட்டில் தன் பிழைப்பைப் பற்றிப் பேச வந்த மனிதர், வார்த்தைக்கு வார்த்தை இருமித் தள்ளியிருந்தார். அதையெல்லாம் ஒவ்வொன்றாய் வெட்டி எறிவதுதான் அவள் உத்தியோகம். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். பெற்றவர்கள் வைத்த பெயர் பாங்க் பாஸ்புக்கில் மட்டும் உயிரோடு இருந்தது.

ஹெட்போனைக் கழற்றினாள்.

"ஹலோ?"

"கத்திரி..."

தேன்குரல்! பாட்காஸ்ட்டில் கேள்வி கேட்கிற பிரபலம். நேயர்கள் கொஞ்சிக் கொடுத்த பெயர் அது. இன்றைக்கு அந்தக் குரலில் தேன் இல்லை.

"என்ன சார், குரலே சரியில்ல?"

"நாக்கு செத்துட்டாங்க."

"எ... என்னது?"

நாக்கு என்றால் சாப்பாட்டைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிற அம்மாள். அவர் பாராட்டினால் ஓட்டல் வாசலில் வரிசை நிற்கும். திட்டினால் ஷட்டர் இறங்கும். நேற்றுத்தான் போனில் பேசியிருந்தார்.

"நாளைக்கு நான் பேசுறதுல ஒரு வார்த்தையை வெட்டினே, உன் கையை வெட்டிப்புடுவேன்! உங்க சார் எழுதின சாப்பாட்டுக் கதைப் புஸ்தகம் இருக்கே... அதைப் பத்தி ஒரு சமாச்சாரம் சொல்லப் போறேன்."

சொல்வதற்குள் போய்விட்டார்.

"எப்படி சார்?"

"நான் என் வீட்டு ஸ்டுடியோவுல உட்காந்து ஆன்லைன்ல பேட்டி எடுத்துட்டிருந்தேன். ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துலயே அவங்க பக்கம் சத்தமே இல்ல. நெட்டு போச்சுன்னு நினைச்சேன். வேலைக்காரம்மா வந்து பாத்திருக்கா... சமையல்கட்டு மேஜை மேல தலையைச் சாச்சபடியே... பக்கத்துல பாதி குடிச்ச சூப்பு. விஷமாம்!"

"அடக் கடவுளே!"

"இரு, முழுசா கேளு. அந்த சூப்பு உங்க அண்ணன் ஓட்டல்ல இருந்து வந்தது. போலீஸ் அவரைக் கூட்டிட்டுப் போயிருச்சு."

கத்திரி ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

*

ஸ்டேஷன் பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். சமையல் ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை. அப்பா அம்மா போனபின் அவளைச் சோறு போட்டு ஆளாக்கியவன். அவனுக்கு ஒன்று என்றால் அவளுக்கு உலகத்தில் வேறு நாதி கிடையாது.

"சாப்பிட்டியா?" என்றான்.

லாக்கப் கதவு திறந்து கிடக்கிறது... கேட்கிற கேள்வியைப் பாருங்கள்!

"அதெல்லாம் கிடக்கட்டும். அண்ணே, என் தலைல கை வச்சுச் சொல்லு. நீ அவங்க வீட்டுக்குப் போனியா?"

"அந்த வாசப்படியைக்கூட மிதிச்சதில்லடி! அவங்களாதான் கூப்பிட்டாங்க. 'உன் காளான் சூப்பை இன்னொரு தடவை ருசி பாக்குறேன், நான் எழுதினது தப்புன்னா மாத்தி எழுதுறேன்'னாங்க. பாத்துப் பாத்து வச்சு டெலிவரில அனுப்பினேன். மூணு வேளை அடுப்புல நிக்கிறவன், அதுல விஷத்தைக் கலப்பேனா?"

"கலக்க மாட்டீங்கதான்." இன்ஸ்பெக்டர் வந்தார். கையில் பிஸ்கெட் பாக்கெட். "ஆனா போன மாசம் அவங்க ஆபீஸுக்கே போய், 'உன் நாக்கை அறுத்துருவேன்'னு கத்தினது யாரு?"

"கோவத்துல சொன்னது சார். 'காளான் சூப்பில் காளானைத் தேடிக் களைத்தேன்'னு எழுதிட்டாங்க. கடைக்கு ஈ காக்கா வரல."

"பாத்தீங்களா, காரணமும் அவரே சொல்லிட்டார்!" இன்ஸ்பெக்டர் கத்திரி பக்கம் திரும்பினார். "நான் உங்க பாட்காஸ்ட்டை விடாம கேக்குறவன்மா. அந்தப் பேட்டி ரெக்கார்டு ஆகியிருக்குமே?"

"ரெண்டு பேர் குரலும் தனித்தனி ஃபைலா எங்க சர்வருக்கு வந்துரும் சார்."

"நல்லதாப் போச்சு. டெலிவரி டப்பாவுல விஷம் இல்ல, அவங்க குடிச்ச கிண்ணத்துல மட்டும்தான் இருக்கு. அந்தச் சமையல்கட்டுல வேற யாராவது இருந்திருந்தா, சத்தம் மாட்டியிருக்கும். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு நானே வந்து வாங்கிக்கிறேன்."

கத்திரிக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அண்ணன் அங்கே இல்லை என்பதற்கு அந்த ஃபைலே சாட்சி!

அப்படித்தான் நினைத்தாள், பாவம்.

*

காலையில் தன் எடிட்டிங் அறையைத் திறந்தாள். லாண்டரிக் கடை மாடியில் ஒரே ஓர் அறை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு மேஜை, தட்டுமுட்டுச் சாமான்.

ஃபைலைத் திறக்கும்முன் ஒரு விஷயம்.

அவர்கள் பாட்காஸ்ட்டில் எந்தப் பேட்டியும் பேச்சில் தொடங்காது. முதலில் அரை நிமிடம் மௌனம். மைக்கை ஆன் செய்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு சும்மா உட்கார வேண்டும். கத்திரி போட்ட சட்டம். ஏனென்றால், ஓர் இருமலை வெட்டினால் அந்த இடத்தில் ஓட்டை விழும். அந்த ஓட்டையை அதே அறையின் மௌனத்தால்தான் அடைக்க முடியும். துணியில் கிழிசல் விழுந்தால் அதே துணியில் ஒட்டுப்போடுகிறோமே, அது மாதிரி.

ஆரம்பத்தில் தேன்குரல் குதித்தார். "நான் பேசிச் சம்பாதிக்கிறவன்! என்னைச் சும்மா இருக்கச் சொன்னா எப்படி?"

"மௌனம் இல்லாத ஃபைலை நான் தொட மாட்டேன் சார். நீங்களே வெட்டிக்குங்க."

அதன்பிறகு பழகிவிட்டார். எவ்வளவு பழக்கம் என்றால், மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தால் வாய் தானாகப் பூட்டிக்கொள்ளும்.

கத்திரி ஹெட்போனை மாட்டினாள். நாக்கின் ஃபைல். அந்த அம்மாளின் சமையலறை மௌனம்.

ம்ம்ம்ம்ம்... ஃபிரிட்ஜின் முனகல். எங்கோ ஒரு குழாயில் சொட்டு.

அப்புறம்...

டக். டக்.

கத்திரி சட்டென்று நிறுத்தினாள்.

கத்தியின் முதுகால் வெட்டுப்பலகையில் இரண்டு தட்டு. காய் நறுக்கி முடித்ததும் அண்ணன் அப்படித் தட்டுவான். சின்ன வயதிலிருந்தே கேட்ட சத்தம். ஊரில் எத்தனை சமையல்காரர் தட்டினாலும் அவளுக்கு அவனைத் தெரியும். போன வருஷம் அவன் பேட்டியையே அந்தச் சத்தத்தில்தான் தொடங்கியிருந்தாள்.

"அண்ணே... நீ அங்க போனியா? என்கிட்டயே பொய் சொன்னியா?"

செல்போன் மறுபடி அலறியது. தேன்குரல்.

"கேட்டியா?"

அவள் அழுதாள். அதுவே பதில்.

"நானும் கேட்டேன்மா. நெஞ்சே அடைச்சுருச்சு. அவர் எனக்கும் அண்ணன் மாதிரிதானே... இப்ப நான் சொல்றதைக் கேளு. சர்வர் பாஸ்வேர்டு நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். நான் கை வைக்க மாட்டேன். ஆனா நீ வச்சா நான் எதையும் பாக்கல."

"சார்?"

"ரெண்டு ஃபைலையும் அழிச்சுரு. சர்வர் கோளாறுன்னு நான் சமாளிச்சுக்கிறேன். அழிச்சுட்டு ஒரு வார்த்தை போன்ல சொல்லு."

போனை வைத்துவிட்டார்.

கத்திரி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அண்ணனே கொலைகாரன் என்றாலும் அழிப்பேன் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்கு அவள் வெட்கப்படவும் இல்லை.

விரல் டெலீட் பட்டனுக்குப் போனது.

நின்றது.

ஃபைலை ஏன் அழிக்க வேண்டும்? அவள் யார்? கத்திரி! இரண்டு தட்டை மட்டும் வெட்டி, அந்த இடத்தில் கொஞ்சம் மௌனத்தை ஒட்டினால் போயிற்று. பிரம்மா வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

டக்-டக் இருக்கும் இடத்தைப் பெரிதாக்கினாள். வெட்டுவதற்குமுன் வழக்கம்போல ஒருமுறை கேட்டாள்.

ம்ம்ம்ம்... டக். டக். ...ம்ம்ம்ம்.

இன்னொரு முறை.

"ஏய்... ஃபிரிட்ஜ் எங்க போச்சு?"

டக்-டக் கேட்கும் அந்தக் கணத்தில் மட்டும் முனகல் இல்லை! தட்டு முடிந்ததும் மறுபடி ஆரம்பிக்கிறது. ஓடுகிற ஃபிரிட்ஜ் மரியாதைக்கு வாயை மூடுமா?

அவள் வெட்டி ஒட்ட வந்த இடத்தில் ஏற்கெனவே யாரோ வெட்டி ஒட்டியிருந்தார்கள். அதுவும் கற்றுக்குட்டி வேலை!

அந்தத் தட்டும் பளிச்சென்று, பின்னால் தூசு துரும்பு இல்லாமல் இருந்தது. அதுவும் அவளுக்குத் தெரிந்த சுத்தம்தான். அண்ணனின் ஓட்டலில் ஓடிய புகைபோக்கி விசிறிச் சத்தத்தை நாள் முழுக்க உட்கார்ந்து அலசி எடுத்தவள் அவளேதான். அண்ணனின் பேட்டியிலிருந்து திருடியிருக்கிறார்கள்!

அந்தப் பேட்டியின் ஃபைல் இருப்பது சர்வரில். பாஸ்வேர்டு தெரிந்தது இரண்டே பேருக்கு.

அப்போதுதான் உறைத்தது. டக்-டக் இருப்பது நாக்கின் ஃபைலில். 'ரெண்டு ஃபைலையும்' ஏன் அழிக்கச் சொன்னார்?

தேன்குரலின் ஃபைலைத் திறந்தாள். அவர் வீட்டு ஸ்டுடியோவின் மௌனம் அவளுக்கு மனப்பாடம். நாலு சுவரிலும் பஞ்சு. விசிறிகூடக் கிடையாது. காதில் விழுவது ஒன்றுமே இருக்காது.

ஓடவிட்டாள்.

ம்ம்ம்ம்ம்...

*

"சார்... அழிச்சுட்டேன்."

"நல்ல காரியம் பண்ணினே, தங்கச்சி!" குரலில் தேன் திரும்பிவிட்டது.

பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. இன்ஸ்பெக்டர். கூடவே தேன்குரல்!

"மன்னிச்சுருங்க சார்." அவர் கண்ணில் தண்ணீர்கூட இருந்தது. "என் மனசாட்சி ஒத்துக்கல. இவ அண்ணனைக் காப்பாத்த, பதிவை அழிச்சுட்டா! அந்த ஆள் கத்தியைத் தட்டின சத்தம் அதுல இருந்துச்சு. என் காதால கேட்டேன்! இந்தாங்க, இவ வாயாலயே கேளுங்க."

போனைத் தட்டினார். கத்திரியின் குரல் வந்தது. 'சார்... அழிச்சுட்டேன்.'

கூட இருந்தே குழி பறிப்பது என்பது இதுதான்! அவர் அழித்தால் போலீஸ் அவரைச் சந்தேகிக்கும். தங்கை அழித்தால் அண்ணன் கழுத்தில் கயிறு. ஆதாரம் அழிந்த மாதிரியும் ஆச்சு, பழியைப் போட்ட மாதிரியும் ஆச்சு.

இன்ஸ்பெக்டர் பிஸ்கெட்டைக் கடித்தபடி அவளைப் பார்த்தார். "என்னம்மா இது?"

"அழிச்சுட்டேன்னு சொன்னேன் சார்." கத்திரி ஹெட்போனை அவரிடம் நீட்டினாள். "சொல்ல மட்டும்தான் செஞ்சேன்."

தேன்குரலின் முகம் வெளிறியது.

"முதல்ல நாக்கம்மா வீட்டுச் சமையல்கட்டு. கேளுங்க."

"ஃபிரிட்ஜ் ஓடுது."

"கடைசில?"

"மோட்டார் கடகடன்னு குலுங்கி நிக்குது."

"இப்ப இது, சார் வீட்டு ஸ்டுடியோன்னு சார் சொல்றது."

இன்ஸ்பெக்டர் கேட்டார். பிஸ்கெட் பாதி வழியில் நின்றது.

"அட! அதே ஃபிரிட்ஜ்! அதே கடகட!"

"சார் ஸ்டுடியோவுல ஃபிரிட்ஜே கிடையாது."

"லைன்ல வந்திருக்கும்!" தேன்குரல் கத்தினார். "அவங்க பக்கத்துச் சத்தம் லைன் வழியா என் மைக்குக்கு..."

"லைன்ல வந்தா ஒரு கணம் பிந்தி வரும் சார். ரெண்டும் ஒரே நேரத்துல குலுங்குது, திரையிலயே பாருங்க. நீங்க ஆன்லைன்ல பேசல. அவங்க மேஜைக்கு எதிர்ல உட்காந்து பேசியிருக்கீங்க!"

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்தார்.

"அப்ப சூப்பு வந்தப்போ நீங்க அங்கதான் இருந்திருக்கீங்க. ஆன்லைன் பேட்டின்னு சொன்னா உங்க மேல சந்தேகம் வராது. அதுக்குத்தான் பதிவு. அப்புறம்தான் அது இந்தப் பொண்ணோட காதுக்குப் போகும்னு ஞாபகம் வந்திருக்கு... சரிதானே?"

இனி தேன்குரலுக்கு என்ன 'அவர்' வேண்டிக்கிடக்கிறது, 'அவன்' போதும்.

"எனக்கென்ன சார் அவங்க மேல பகை?" அவன் குரல் உடைந்தது. "அந்தப் புஸ்தகத்தை எழுதினது அவங்கதான்னு நிரூபிக்க ஒரு துண்டு ஆதாரம் கிடையாது!"

"புஸ்தகமா?" இன்ஸ்பெக்டர் புருவத்தை உயர்த்தினார். "நான் எந்தப் புஸ்தகத்தையும் பத்திக் கேக்கவே இல்லையே!"

கீழே லாண்டரியில் இஸ்திரிப்பெட்டி உஸ்ஸென்றது.

கத்திரி அவன் பக்கம் திரும்பினாள். "அவங்க எழுதினதுக்கு உங்க பேரைப் போட்டீங்க. அதைச் சொல்ல வந்தவங்களை அவங்க வீட்டுலயே கொன்னுட்டு, என் அண்ணன் தலைல கட்டப் பாத்தீங்களே! உங்க ஒவ்வொரு பிசிறையும் வெட்டி வெட்டி நான்தானே உங்களைத் தேன்குரல் ஆக்கினேன்..."

விலங்கு மாட்டப்பட்டது. இன்ஸ்பெக்டர் தன் போனில் பேசி, அவளிடம் நீட்டினார். மறுமுனையில் அண்ணன்.

"விட்டுட்டாங்கடி! சாப்பிட்டியா?"

"இல்லண்ணே." கத்திரி அழுதுகொண்டே சிரித்தாள். "வந்து எனக்கு ஏதாவது பண்ணிக் குடு. சூப்பு மட்டும் வேணாம்."

வாசலில் தேன்குரலைத் தள்ளிக்கொண்டு போன இன்ஸ்பெக்டர் சட்டென்று திரும்பினார்.

"என் சர்வீஸ்ல இதுதான்மா முதல் தடவை. தவளை தன் வாயால கெடும்னு கேள்விப்பட்டிருக்கேன்... வாயை மூடி உட்காந்து கெட்ட தவளையை இன்னிக்குத்தான் பாக்குறேன்!"