கை படாத ரயில்

அன்று மாலை மாடியில் இருந்தவர்கள் மூன்றே பேர்: பெரியவர், அவர் மனைவி, பெரியவரின் குட்டி ரயில் தண்டவாளத்தில் மின்சாரம் பார்க்க வந்த எலக்ட்ரீஷியன். பக்கத்து அறை பூட்டியிருந்தது. சாவி பெரியவரின் சட்டைப்பையில் இருந்தது.

சின்னப் பிசகுதான். மேசைமேல் ஓடும் அந்தக் குட்டி ரயில், சுவரில் புதிதாகப் போட்ட துவாரம் வழியே பூட்டிய அறைக்குள் நுழைந்து, அங்கே போட்ட பலகைமேல் வளைந்து, அதே துவாரத்தில் அடுத்த தடத்தில் திரும்பி வரவேண்டும். நுழைந்தது. வளைவு வரைக்கும் சக்கர ஓசை கேட்டது. பிறகு நின்றது. ஸ்பிரிட் நனைத்த துணியால் தண்டவாளத்தைத் துடைத்தாயிற்று, இணைப்புகளைப் பற்றவைத்தாயிற்று, புதுத் துண்டே மாற்றியாயிற்று. எப்போதும் அதே இடத்தில்தான் நின்றது. பெரியவருடைய தம்பி படுத்திருந்த கட்டிலின் தலைமாடு இருந்த இடம்.

"கரண்ட் நல்லா இருக்குங்க. விரலால லேசா ஒரு தள்ளு தள்ளுங்க ஐயா, ஓடிடும்."

"இந்த வீட்டுல ரயிலைக் கையால தள்றதில்ல. கை பட்டா அது பொம்மை. தடத்தைத்தான் சரிபண்ணணும்."

"ரயிலுக்கு ரோஷம் இருக்கோ இல்லையோ, உங்களுக்கு நிறைய இருக்கு," என்று சிரித்தார் எலக்ட்ரீஷியன்.

"உங்க தம்பி தள்ளுவாரே," என்றாள் மனைவி.

சிறு வயதிலிருந்தே தம்பிக்கு அந்தக் கெட்ட பழக்கம் இருந்தது. ரயில் நின்றால் ஆட்காட்டி விரலால் தட்டித் தட்டி நகர்த்திவிட்டு, "ஓடுது பாருண்ணா!" என்பான். நோயில் விழுந்த பிறகு அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: தடத்தைக் கட்டில் பக்கம் வரைக்கும் நீட்ட வேண்டும், படுத்தபடியே பார்க்க வேண்டும். "முதல்ல இருக்கிற தடம் ஒழுங்கா ஓடட்டும்டா, அப்புறம் நீட்டித் தர்றேன்," என்றார் பெரியவர். தடம் ஒழுங்காவதற்குள் கட்டில் காலியாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் புதுப் பெட்டிகளும் தண்டவாளமும் வாங்கிக் குவித்தார், சுவரைக் குடைந்தார். அவர்கள் குடும்பத்தில் சொன்ன சொல் தவறினார் என்று யாரும் பெயர் வாங்கியதில்லை. அந்த ரயில் தானாக ஓடி அந்த அறையைச் சுற்றி வந்தாக வேண்டும். அதுவரை அவருக்குச் சோறு இறங்காது.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் கண்ணாடியில் சாம்பல் வெளிச்சம் வடிந்து, மேசைமேல் இருந்த குட்டி ஸ்டேஷனும் குட்டி மரங்களும் நிழலில் கரைந்துகொண்டிருக்க, மின்சாரம் போய், விசிறி முனகி முனகி ஓய்ந்தது. துவாரத்திலிருந்து ஈரச் சுண்ணாம்பு வாடை வந்தது. அதன் பின்னால் இன்னொரு வாடை. தம்பியின் முதுகில் தேய்த்த வலித் தைலம்.

டக்.

சக்கரம் ஓர் இணைப்பைத் தாண்டும் ஓசை.

"கரண்ட் வந்துடுச்சாங்க?"

"இல்லம்மா." எலக்ட்ரீஷியனின் குரல் மாறியிருந்தது. கையில் வயரின் முனை தொங்கியது. "நான் வயரையே கழட்டிட்டேன்."

டக்.

ஓடும் ரயில் இப்படி வராது. பெரியவருக்குத் தெரியும். ஒரு தட்டு. ஒரு நகர்வு. நிறுத்தம். மறுபடி ஒரு தட்டு.

துவாரத்தில் இன்ஜினின் மூக்கு தெரிந்தது. பின்னால் பெட்டிகள், ஒவ்வொன்றாக. பிறகு கடைசிப் பெட்டி.

அதன் முதுகில் ஒரு விரல்.

வெளுத்த விரல். நகம் நீண்டிருந்தது.

எலக்ட்ரீஷியன் படிகளில் விழுந்தடித்து இறங்குவது கேட்டது. மனைவி பெரியவரின் தோளைப் பற்றினாள்.

"கையை எடுடா," என்றார் பெரியவர். காலமெல்லாம் அதட்டிய அதே வாய்.

விரல் நின்றது. தயங்கியது. பிறகு மற்ற விரல்கள் வந்தன. மணிக்கட்டு வந்தது. அதற்குமேல் துவாரம் இடம் கொடுக்கவில்லை.

சுண்ணாம்பு உதிர ஆரம்பித்தது.

துக்கத்தில் புத்தி பேதலித்துப் பெரியவர் கடப்பாரையால் சுவரை இடித்தார் என்று தெருவில் ஒரு பேச்சு. அது பொய். ரயில் போகும் அளவுக்குப் போட்ட துவாரத்துக்குமேல் அந்தச் சுவரில் அவர் கை வைக்கவில்லை. அறை பூட்டியபடிதான் இருந்தது. செங்கற்கள் அத்தனையும் இந்தப் பக்கம்தான் விழுந்து கிடந்தன.