வலது தோளில் இரண்டு தட்டு

பெட்ரோல் பங்கை விட்டுக் கிளம்பிக் கொஞ்ச தூரம்கூடப் போயிருக்காது, அவனுடைய வலது தோளில் மெதுவாக இரண்டு தட்டு விழுந்தது.

அதில் பயப்பட ஒன்றுமில்லை. வலது தோளில் தட்டினால் வலப்பக்கம் திரும்பு, இடது தோளில் தட்டினால் இடப்பக்கம் என்று, கல்யாணமான புதிதில் அவனும் மனைவியும் செய்துகொண்ட ஏற்பாடு அது. ஹெல்மெட் போட்டுவிட்டால் பின்சீட்டிலிருந்து பேசுவது காதில் விழாதே, அதற்காக. ஆனால் அவள் அப்படித் தட்டி வருஷக்கணக்காகிவிட்டது. வழி சொல்லும் ஜிபிஎஸ் கருவியை வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டி, அதன் குரல் ஹெல்மெட்டுக்குள்ளேயே கேட்கும்படி அவன் செய்துகொண்ட நாளோடு அவளுடைய கை தோளை விட்டு இறங்கி, சீட்டுக்குப் பின்னாலிருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

வீடு வீடாகப் போய் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிற ஆள் அவன். தலைகீழாக நின்றாலும் யாரிடமும் வழி கேட்கமாட்டான். கேட்டால் கிரீடம் இறங்கிவிடும். கூட வேலை பார்ப்பவர்கள் அவனுக்கு ரூட்டு என்று பெயர் வைத்ததே கேலிக்குத்தான், அவன் என்னவோ அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டான். இன்றைக்கு மனைவியின் அக்கா குடிபோயிருக்கும் புது வீட்டுக்குப் புறப்பட்டு, சாயங்காலம் முழுக்கக் கருவியின் பேச்சைக் கேட்டு ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்திருந்தார்கள். "அந்தக் கடைல ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்று பங்கில் வைத்து அவள் சொன்னதும் ரூட்டுக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது.

"இவ பேச்சக் கேட்டு வண்டி ஓட்டுனா ஏதாவது குளத்துக்குள்ளதான் போய் விழணும்" என்று பெட்ரோல் போட்டவனைப் பார்த்துச் சொன்னான். பெட்ரோல் போட்டவன் சிரித்தான். பின்னால் வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "முகம் கழுவிட்டு வரேன்" என்று ஹெல்மெட்டோடு உள்ளே போனாள்.

சொன்ன மறுநிமிடமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவனுக்கு. வண்டியைக் காற்றடிக்கும் இடத்துக்குத் தள்ளிப்போய், எஞ்சினை ஓடவிட்டு, திரும்பிப் பார்க்காமலே காத்திருந்தான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்ப்பது? பின்சீட் அழுந்தியது, தோளில் ஒரு கை ஊன்றியது, அவன் கிளம்பிவிட்டான்.

இப்போது இந்தத் தட்டு. அவளுக்குக் கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டான். "நேராகச் செல்லவும்" என்றது கருவி. ரூட்டு வலப்பக்கம் திரும்பினான்.

மழை தூறலாக விழுந்துகொண்டிருந்தது. மரங்கள் இருபக்கமும் நெருங்கி வந்து மிச்சமிருந்த வெளிச்சத்தையும் மூடிக்கொள்ள, மழைக்கோட்டின் ரப்பர் வாடைக்கு நடுவே, வெகுநாளாகத் தேங்கிக்கிடக்கும் தண்ணீரின் அடிச்சேற்றைக் கிளறினால் வருமே, அந்த வாடையும் லேசாக வந்துகொண்டிருந்தது. வழி மாற்றப்படுகிறது, வழி மாற்றப்படுகிறது என்று கருவி ஓயாமல் சொல்லியது. அவன் கைநீட்டி அதன் சத்தத்தைக் குறைத்தான். இடது தோளில் தட்டு விழுந்தது, திரும்பினான். மறுபடி வலது.

"தப்புதாம்மா," என்றான் உரக்க. முகத்தைப் பார்க்காமல் சொல்வது சுலபமாக இருந்தது. "நாலு பேரு முன்னாடி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. இனிமே நீ சொல்ற வழிலதான் போவேன். சத்தியமா."

தோளிலிருந்த கை ஒருமுறை அழுத்திக்கொடுத்தது. மழைக்கோட்டையும் சட்டையையும் தாண்டி அதன் குளிர்ச்சி எலும்பில் பட்டது. நனைந்திருக்கிறாள், பாவம்.

ஹெல்மெட்டுக்குள் போன் மணி அடித்தது. காதோரத்துப் பொத்தானை அழுத்தினான்.

"எங்கங்க போயிட்டீங்க?" மனைவியின் குரல். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. "எத்தன தடவ கூப்புடுறது? இப்பதான் ரிங்கே போகுது. பங்க்ல தனியா நின்னுட்டு இருக்கேன். எல்லாரும் என்னையே பாக்குறாங்க."

அவன் முறுக்கைத் தளர்த்தினான்.

"கேக்குதா? நான் ஏறலங்கறதுகூடவா தெரியல உங்களுக்கு?"

தோளில் கை இருந்தது.

பக்கக் கண்ணாடியில் மழைத்துளிகள். கட்டைவிரலால் துடைத்தான். அவனுடைய தோள் தெரிந்தது. அதன்மேல் நான்கு விரல்கள். வெளுத்து, ஊறி, தோல் சுருங்கிய விரல்கள். வேறொன்றும் கண்ணாடிக்குள் வரவில்லை.

வலது தோளில் தட்டு. முன்விளக்கின் வெளிச்சம் போய் விழுந்த இடத்தில் ரோடு இல்லை. தண்ணீர். கறுப்பாக, அசையாமல்.

பிரேக்கை மிதித்தான். காலை ஊன்றி வண்டியைத் திருப்பினான். தட்டு விழுந்தது. திருப்பிக்கொண்டே இருந்தான். தட்டு. தட்டு. வந்த வழியே முறுக்கினான். சத்தத்தைக் கூட்டினான். நேராகச் செல்லவும் என்றது கருவி. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே போனான். பின்னால் பார்க்கவில்லை. மெயின் ரோட்டு விளக்கு கண்ணில் பட்டபோது தோள் லேசானது. வண்டியும் லேசானது. போன உயிர் திரும்பி வந்தது.

பங்கில் அவள் ஹெல்மெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு விளக்கடியில் நின்றிருந்தாள். அவளைக் கண்டதும் அவன் கூனிக் குறுகிப்போனான். எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தான். ஆனால் என்னவென்று சொல்வது? பின்னால் உட்கார்ந்திருந்தது நீயா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை என்றா? உன்னிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை வேறெதனிடமோ கேட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்றா? பெட்ரோல் போட்டவன் வேறு பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்த மெஷின் சத்தத்துல கவனிக்கல," என்றான்.

பின்சீட்டின் ஃபுட்ரெஸ்ட்டில் கறுப்புச் சேறு ஈரமாக அப்பியிருந்தது. அவள் பார்ப்பதற்குள் செருப்பால் வழித்துத் தள்ளினான். ஏறாதே, வண்டி இங்கேயே கிடக்கட்டும், நடந்தே போவோம் என்று அவன் சொல்லியிருக்கலாம். வெட்கம் வாயைக் கட்டிப்போட்டது. அவள் ஏறி உட்கார்ந்தாள்.

கொஞ்ச தூரம் போனார்கள். பிறகு, என்ன நினைத்தாளோ, கம்பியைப் பிடித்திருந்த கைகளை எடுத்து அவன் வயிற்றைச் சுற்றிக் கோத்துக்கொண்டாள்.

"ரொம்ப பயந்துட்டேங்க," என்றாள். "இனிமே என்னை விட்டுட்டுப் போகாதீங்க."

"போகமாட்டேன்," என்றான். கண்ணில் நீர் முட்டியது.

சேற்று வாடை வந்தது.

"ஏங்க."

"ம்."

"என் தோள்ல யாருங்க தட்டுறது?"

அவன் குனிந்து பார்த்தான். கருவியின் நீல வெளிச்சத்தில், அவன் வயிற்றின்மேல் அவளுடைய கைகள். இரண்டும் கோத்தபடி. மோதிரம் தெரிந்தது.

"எந்தத் தோள்ல?"

"வலது."

நேராகச் செல்லவும் என்றது கருவி. வலப்பக்கம் அந்த ரோடு, மரங்களுக்கு நடுவே, வாயைத் திறந்துகொண்டு வந்தது.

"காத்தா இருக்கும்," என்றான். அப்போதும் உண்மை வரவில்லை.

அவளையும் தாண்டி, இரண்டு பக்கத்திலிருந்தும், நீளமாக, நீரில் ஊறி வெளுத்த இன்னும் இரண்டு கைகள் வந்தன. அவள் கைகளின்மேல் பொறுமையாகக் கோத்துக்கொண்டன.

இறுக்கின.

வண்டி வலப்பக்கம் சாய்ந்தது.