மறுமுனையை விடாத கை

கணக்குப் போடும் புரோகிராமை நாலு மணி பத்துக்குப் பூவராகன் கொன்றுவிட்டான். நாலு பன்னிரண்டுக்கு அது பதில் சொன்னது.

90.

சேலையூர் மாடி போர்ஷனின் மூடிய ஜன்னலுக்கு இந்தப் பக்கம் யூகலிப்டஸ் தைல வாசனையும் சூடேறிய மானிட்டரின் பிளாஸ்டிக் நெடியும் கலந்து கிடக்க, மழைக்கு முந்திய மங்கலில் மின்விசிறி தன் பழைய முனகலை முனகிக்கொண்டிருக்க, அவன் அந்த எண்ணையே பார்த்தான். கணக்கே அனுப்பவில்லையே.

திங்களன்று நாவலூர் ஆபீசில் ஓட்டிக் காட்ட வேண்டிய வேலை இது. அவன் பெர்ல் மொழியில் எழுதிய புரோகிராம், தகவல் போகும் குழாயான ஒரு பைப் வழியாகக் கணக்கை அனுப்பும். வெளியே ஓடும் இன்னொரு புரோகிராம், இப்போது அவன் நிறுத்திக் கொன்றது, அடுத்த பைப் வழியாக விடையை அனுப்பும். பைப்புக்கு ஒரே பிடிவாதம். எழுதும் முனையைப் பிடித்திருக்கும் அத்தனை பேரும் விட்டால்தான் படிக்கும் முனைக்கு ‘முடிந்தது’ என்று தெரியும். ஒருவர் விடாவிட்டாலும் காத்துக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் அந்த ஒருவர் பூவராகன்தான். அடுப்பில் குக்கர் இருப்பதையே மறக்கிறவனுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்? ஆனால் இன்று தன் முனையை மூடியிருந்தான். இரண்டு தடவை சரிபார்த்தான்.

அப்படியானால் பிடித்திருப்பது யார்?

72. 71. எண்கள் நிதானமாக இறங்கின.

செல்போன் அலறியது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போயிருந்த மனைவி தையல்நாயகி.

“ஏங்க, ஓவியா எழுந்தாளா?”

“தூங்கறா.”

“பாத்துட்டுச் சொல்றீங்களா, அந்தக் கம்ப்யூட்டரைக் கேட்டுச் சொல்றீங்களா? ஜுரத்தோட விட்டுட்டு வந்திருக்கேன். அவ ஆறு வயசுப் பொண்ணு, உங்க புரோகிராம் இல்ல.”

“இதோ போறேன், தாயே.”

போனான். அறை வாசலில் நின்றால் இரண்டும் தெரியும். இங்கே திரை, அங்கே கட்டிலில் மகள். ஓவியா மூச்சு விட்டாள். 24. இன்னொரு மூச்சு. 23.

கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கப் பாய்ந்தவன் பாதியில் நின்றான். மதியம் முழுக்க அந்த ‘முடிந்தது’ வராதா என்றுதான் தவம் கிடந்தான். மறுமுனையைப் பிடித்திருக்கிறவர் கைவிட்டால் வரும். வந்தால், முடிவது எது?

போர்வைக்கு வெளியே ஓவியாவின் வலது கை. இறுக மூடிய முஷ்டி. கணுக்கள் வெளுத்திருந்தன. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. நெற்றியைத் தொட்டான். சூடு இல்லை. ஐஸ்.

“ஓவியா! எழுந்திரும்மா!”

எழவில்லை. வாசல் வழியே திரையில் 9. 8.

5. சுண்டுவிரல் நிமிர்ந்தது.

முஷ்டியை இரண்டு கைகளாலும் பொத்தினான். “விடாதடா கண்ணு. அப்பா பிடிச்சிருக்கேன். விடாத.”

அடுத்த விரல். அடுத்தது. அவன் பிடியை நெம்பிக்கொண்டு. ஆறு வயதுப் பலமா அது? ஆள்காட்டி விரலும் போனது.

அவளாக நிமிர்த்தவில்லை. இப்போது புரிந்தது. அவன் பொத்திய கைகளுக்குள், அவள் கையோடு, இன்னொரு கை இருந்தது. ஈரமாக. மெல்லியதாக.

அது அவசரப்படாமல் கட்டைவிரலைத் தேடிக்கொண்டிருந்தது.