ஏழாம் மாடியில் ஒருவர் கூடுதல்

செத்துப்போன ஓர் ஆளை நேரம் தவறாமல் ஆபீசுக்கு வரவைத்த ஒரே எலக்ட்ரீஷியன் இந்த உலகத்தில் தான்தான் என்று ஃபியூஸ் அண்ணன் சொல்லுவார். அதோடு விடமாட்டார். அந்த ஆள் பதினோரு நாளும் லீவே போடவில்லை, லிஃப்டில் யாரையும் இடிக்கவில்லை, கழிப்பறைக் குழாயை ஒருமுறைகூடத் திறந்துபோட்டுவிட்டுப் போகவில்லை, உயிரோடிருந்த முந்நூற்றுப் பதினோரு பேரைவிட ஒழுக்கமானவர் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்வார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கட்டும் என்று அவர் மூக்கைச் சொறிந்துகொண்டு காத்திருப்பார்.

கட்டடம் பன்னிரண்டு மாடி. அதன் வயர்களோடு இருபத்தாறு வருடம் குடித்தனம் நடத்தியவர் அவர். என்ன கெட்டுப்போனாலும் "ஃபியூஸ் போச்சு" என்றே ஆரம்பிப்பதால் சொந்தப் பெயர் போய் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தக் கட்டடத்துக்குத்தான் ஒரு நாள் புத்தி வைத்தார்கள். கூரையில் பத்தடிக்கு ஒரு சென்சார், வெள்ளைச் சட்டைப் பொத்தான் அளவுக்கு. ஆள் உட்கார்ந்தால் விளக்கு எரியும், எழுந்து போனால் அணையும். கூட்டம் சேர்ந்தால் வெளிக்காற்று கூடுதலாக வரும். வெயில் திரும்பினால் சன்னல் மறைப்பு தானாக இறங்கும். நல்ல ஏற்பாடுதான். விளக்கணைக்க மாடி மாடியாக ஏறி இறங்கிய முழங்கால் அண்ணனுடையது. அவர் ஏன் வேண்டாம் என்று சொல்லப்போகிறார்?

அவருக்குப் பிடிக்காமல் போனது அதோடு வந்து இறங்கிய மேனேஜரைத்தான்.

மேனேஜருக்கு எல்லாம் டாஷ்போர்டு. சுவரளவு திரையில் பச்சையும் சிவப்புமாகக் கட்டடம் முழுக்கத் தெரியும். அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார். முதுகுக்குப் பின்னால் சன்னலில் மழை அடித்துக்கொண்டிருக்கும்போது, மழை வருகிறதா என்று திரையில் தேடிய மகான். டாஷ்போர்டார் என்று பெயர் வைத்தது அண்ணனின் கொழுந்தியாள். மனைவியின் தங்கையான அவள்தான் கீழே வரவேற்பு மேசையில் இருந்தாள். தனக்குப் பசிக்கிறதா என்பதையும் மனிதர் திரையில்தான் பார்த்துக்கொள்கிறார் என்று அவள் பரப்பிய செய்தியைப் பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர் நேரில் பார்த்ததாகவே சொன்னார்கள்.

வம்பு முதல் நாளே ஆரம்பித்தது. வாசலில் கார்டைக் காட்டி உள்ளே வந்தவர்கள் முந்நூற்றுப் பதினொன்று. கூரை சென்சார்கள் எண்ணியது முந்நூற்றுப் பன்னிரண்டு. அந்தக் கூடுதல் ஒருவர் இருந்தது ஏழாம் மாடி மேற்கு மூலையில். ஏழாம் மாடியோ இரண்டு வருடமாகக் காலி. உட்கார ஒரு நாற்காலிகூட அங்கே கிடையாது.

அண்ணன் ஏறிப் போனார். மத்தியானம் மூன்றரை மணி. லிஃப்ட் கதவு திறந்ததும் ஈரச் சிமெண்டு வாசனை. தரையோ எலும்பாகக் காய்ந்திருந்தது. மறைப்புகள் எல்லாம் இறங்கி, நல்ல வெயில் நேரத்தில் கூடம் கருக்கலாய்க் கிடந்தது. அவர் நின்ற இடத்தில் ஒரு விளக்கு எரிந்தது. நியாயம்தான், அவர் அங்கே நிற்கிறார்.

முப்பதடி தள்ளி இன்னொன்று எரிந்தது.

அது அணைந்து, இருபதடியில் எரிந்தது.

பிறகு பத்தடியில்.

அவர் கணக்குப்படி ஏழு மாடிப் படியை நாலே தாவலில் இறங்கிவிட்டார். நானும் அந்தப் படிகளைப் பார்த்திருக்கிறேன், ஆறு தாவலாவது ஆகியிருக்கும்.

டாஷ்போர்டார் தலையைத் திருப்பவே இல்லை. கருவி பொய் சொல்லாது, ஆள்தான் பொய் சொல்வான் என்பது அவர் மதம். வேலை போய்விடும் என்ற வயிற்றெரிச்சலில் ஃபியூஸ்தான் சென்சாரில் கைவைக்கிறார் என்று முடிவுகட்டினார். அண்ணன் சென்சாரை மூன்று தடவை மாற்றினார். கறுப்பு டேப் ஒட்டி மூடினார். மூடினால் அந்த ஒருவர் அடுத்த சென்சாருக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். இதைச் சொன்னபோது டாஷ்போர்டார் ஒரு கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். கருவியை வேண்டுமென்றே கெடுத்ததாகக் குற்றச்சாட்டு. முதலாளி பார்வையிட வரும் நாளில் கணக்கு இடித்தால் கடிதம் அவர் கைக்குப் போகும். இருபத்தாறு வருடமும் நல்ல பேரும் ஒரே உறையில் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

பத்து நாள் கணக்கு இடித்துக்கொண்டே இருந்தது. பத்தாம் நாள் சாயங்காலம் டாஷ்போர்டார் என்ற அந்த மேதைக்கு ஒரு யோசனை உதித்தது. உலகத்தில் எந்த மடையனுக்கும் உதிக்காது. அதற்குத் தனிப் படிப்பு வேண்டும். கூரை ஒருவரைக் கூடுதலாகக் காட்டுகிறதா? வாசல் கணக்கிலும் ஒருவரைக் கூட்டிவிட்டால் தீர்ந்தது. 'விருந்தினர்' என்று ஒரு கார்டு பதிவுசெய்து, எல்லாக் கதவுக்கும் அனுமதி கொடுத்து, கார்டை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். திரை முழுக்கப் பச்சை. டாஷ்போர்டார் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரித்ததாகக் கொழுந்தியாள் சொன்னாள்.

அதுவரை அது ஏழாம் மாடியில் சும்மா கிடந்தது. அதற்குக் கதவைத் திறந்துவிட்டது இந்த ஆள்.

மறுநாள் காலையிலிருந்து யாரும் அழுத்தாத லிஃப்ட் ஏழுக்குப் போய் ஆளை ஏற்றிக்கொண்டு வருவதுபோல் மெதுவாக இறங்கியது. வாசல் கதவு திறந்து, 'நல்வரவு' என்று திரையில் எழுதி, மரியாதையாகக் காத்திருந்து மூடியது. கொழுந்தியாள் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். யாருக்கு எந்தக் குளிர் பிடிக்கும் என்று கட்டடம் தானாகக் கற்றுக்கொள்ளுமாம். இந்த விருந்தினருக்குப் பிடித்ததையும் கற்றுக்கொண்டது. பதினோரு டிகிரி. வெளிக்காற்று வேண்டாம். வெளிச்சம் வேண்டாம்.

அந்தப் பதினோராம் நாளன்றுதான் முதலாளியும் வருவதாக இருந்தது, நாலு மணிக்கு. அவருக்குக் காட்டுவதற்காக ஏழாம் மாடியில் கண்ணாடிக் கதவு போட்டு, மாதிரிக்கு ஒரு கூட்ட அறை தயாராகியிருந்தது. எல்லாம் சரியா என்று பார்க்க டாஷ்போர்டார் மூன்று மணிக்கே தனியாக மேலே போனார்.

மூன்றே காலுக்கு வாசல் கதவு திறந்தது. திரையில் டாஷ்போர்டாரின் பெயர். 'போய் வாருங்கள்.'

யாரும் போகவில்லை.

கொழுந்தியாள் அண்ணனைக் கூப்பிட்டாள். அவர் வந்து நிற்கும்போதே மேசைப் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். எதிர்முனையில் பல் தந்தியடித்தது.

"கதவு திறக்கல. கார்டை எடுக்க மாட்டேங்குது."

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு சன்னமாகச் சொன்னாள்.

"சார், நீங்க வெளிய போயிட்டீங்க."

டாஷ்போர்டாரின் குரல் கிசுகிசுப்பாக இறங்கியது.

"என் செருப்புச் சத்தம் மாதிரியே ஒண்ணு வெளிய போச்சு. என்னை மாதிரியே இருமிக்கிட்டுப் போச்சு."

தொடர்பு அறுந்தது. ஏழாம் மாடி அறையில் ஒருவர் இருப்பதாகத் திரை காட்டியது. பெயர் விருந்தினர். வெப்பம் பதினொன்றிலிருந்து ஒன்பதுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. காற்றுக் குழாயின் தகடு மூடியிருந்தது. பக்கத்தில் பச்சை எழுத்தில்: விருந்தினர் முழுத் திருப்தியுடன் இருக்கிறார்.

அண்ணன் அசையாமல் நின்றார். அந்தக் கடிதம் எந்த மேசைமேல் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். பேசாமல் பத்து நிமிடம் தேநீர் குடிக்கப் போயிருந்தால் போதும்.

"மாமா," என்றாள் கொழுந்தியாள். "அந்த ஆளு பண்ணினத மனசுல வெச்சுக்காதீங்க. மேல போங்க."

போனார், முனகிக்கொண்டே. லிஃப்டை நம்பாமல் படியில். சாவியெல்லாம் பழங்காலம் என்று கொத்தோடு வாங்கி எறிந்திருந்தார் டாஷ்போர்டார். அதனால் அண்ணன் நேராக மின்பலகைக்குப் போய் ஏழாம் மாடியின் பெரிய சுவிட்சைக் கையால் கீழே இறக்கினார். மாடியே செத்தது. மின்சாரத்தில் பிடித்திருந்த காந்தப் பூட்டு விட்டது.

கூட்ட அறைக் கண்ணாடியில் உள்பக்கம் பனி படர்ந்திருந்தது. மேசைக்கடியில் டாஷ்போர்டார் சுருண்டு கிடந்தார், உதடு நாவல்பழ நிறத்தில். இருட்டில் அவரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அண்ணன் இறங்கினார். யானைக் கனம் என்பார்; ஆள் குடை மாதிரிதான் இருப்பார்.

வெளியே படிக்கட்டில் வெயில் சுளீரென்று விழும் இடத்தில் உட்காரவைத்தார்கள். நாலு மணிக்குச் சரியாக முதலாளியின் கார் வந்தது. எந்த அதிபுத்திசாலியோ அந்தக் கடிதத்தின் நகலை அவருக்கு முன்கூட்டியே அனுப்பியிருந்தான், கையிலேயே வைத்திருந்தார். ஏழாம் மாடி மின்சாரத்தை நிறுத்தியது யார் என்று கேட்டார். நான்தான் என்றார் ஃபியூஸ் அண்ணன். அப்படியானால் இதில் எழுதியிருப்பது எல்லாம் உண்மைதானே என்று முதலாளி கடிதத்தை ஆட்டினார். அண்ணன் மூக்கைச் சொறிந்துகொண்டார். சொன்னால் யார் நம்புவார்கள்?

டாஷ்போர்டாரும் கீழே பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். இவ்வளவுக்குப் பிறகும்.

அப்போது டாஷ்போர்டாரின் போன் அடித்தது. மனைவி. விரல் விறைத்திருந்ததால் கொழுந்தியாள்தான் ஸ்பீக்கரை அழுத்தினாள். அவர் கட்டிப்போன குரலில் ஹலோ என்றார்.

"யாருங்க பேசறது?" என்றது அந்த அம்மாவின் குரல். "இந்தப் போன் உங்க கைக்கு எப்படி வந்துச்சு? அவர் ஆபீஸ்ல விட்டுட்டு வந்துட்டாராம். இப்பத்தான் வீட்டுக்கு வந்தார். உடம்பு சரியில்ல போல. சன்னலெல்லாம் சாத்திட்டு இருட்டுல உட்கார்ந்திருக்கார்."

பின்னணியில் யாரோ இருமினார்கள்.

டாஷ்போர்டார் தலையைத் தூக்கினார். முதலாளியின் கையிலிருந்த கடிதத்தைப் பிடித்து இழுத்தார். பாதி கிழிந்து வந்தது.

"இவர் எதையும் கெடுக்கல சார். பதினோரு நாளா சொன்னார், நான்தான் நம்பல. மேல ஒருத்தர் இருந்தார். கார்டு போட்டுக் குடுத்தது நான்." அவருக்கு மூச்சு வாங்கியது. "இப்ப என் வீட்டுல இருக்கார்."