துடைத்த பக்கமும் துடைக்காத பக்கமும்

வீட்டில் அவளை ஏன்குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். பேச ஆரம்பித்த நாளிலிருந்து எதற்கெடுத்தாலும் "ஏன்?" என்று கேட்டுக் கேட்டு வாங்கிய பெயர் அது. இப்போது வயது பத்து.

அவர்கள் வீட்டு ஷெட்டில் ஒரு கயாக் படகு கவிழ்ந்து படுத்திருந்தது. கயாக் என்றால் ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒல்லிப் படகு. விரல் அகலத்துக்கு அறுத்த நீள நீளமான மரக்கீற்றுகளைப் பசை வைத்து ஒன்றோடொன்று ஒட்டி, அம்மாவும் மாமாவும் அதைச் செய்துகொண்டிருந்தார்கள். இதுவரை முடிந்தது அடிப்பாகம் மட்டும்தான்: இடது பக்கம் அம்மா, வலது பக்கம் மாமா.

எந்தக் கீற்றுக்குப் பக்கத்தில் எது என்று நிறம் பார்த்து அடுக்கிக் கொடுத்தது ஏன்குட்டிதான். தேன் நிறம், வெளிர் மஞ்சள், நடுவில் ஒரே ஒரு கரும்பழுப்புக் கோடு. வார்னிஷ் பூசினால் அத்தனையும் பளபளவென்று தெரியும். அந்த நாளுக்காக அவள் ஏங்கிக்கொண்டிருந்தாள்.

அம்மா மருத்துவமனையில் நர்ஸ். சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். கீற்றை அழுத்தும்போது இடுக்கில் பசை பிதுங்கும். பிதுங்கிய மறுநொடியே ஈரத்துணியால் துடைத்துவிடுவார். மாமா பஸ் டிரைவர். துணி எங்கே இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. அவர் பக்கத்தில் பசை சொட்டுச் சொட்டாகக் காய்ந்து தொங்கியது.

"என்னடா, படகுக்குச் சளி பிடிச்சிருக்கா?" என்று அம்மா கேட்பார்.

"கடைசியில மொத்தமா பாத்துக்கலாம்க்கா," என்பார் மாமா. அந்தக் 'கடைசி' வரவே வராது.

ஞாயிற்றுக்கிழமை காலை. மாமா வேலைக்குப் போயிருந்தார். அம்மா தன் பக்கத்தை உப்புத்தாளால் வழவழவென்று தேய்த்து முடித்திருந்தார். அதைத் தடவிப் பார்க்க வந்த ஏன்குட்டியின் முழங்கை பட்டு, தண்ணீர் பாட்டில் படகின் மேலேயே கவிழ்ந்தது.

நனைந்த மரம் அழகாகக் கறுத்தது. ஆனால் அங்கங்கே வெளிறிய திட்டுகள் எட்டிப்பார்த்தன.

"ஐயையோ, பசைக் கறை!" என்றார் அம்மா. "பசை ஊறின இடத்துல வார்னிஷ் இறங்காதே. இப்படித்தான் திட்டுத் திட்டா தெரியும்."

"தேய்ச்சா போகாதாம்மா?"

"இது போயிடும். ஆனா மேல்பாகம் இன்னும் ஒட்டவே இல்லையே. அங்கயும் இப்படித்தானே வரும்? மெல்லிசு மரம், எவ்வளவுதான் தேய்க்கிறது?" அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "இவ்வளவு துடைச்சும் இப்படியா? பேசாம நீலப் பெயிண்ட் அடிச்சிடலாம். சாயங்காலம் மாமாவை வாங்கிட்டு வரச் சொல்றேன்."

"அப்போ என் கோடு?" என்றாள் ஏன்குட்டி.

"அதுவும் உள்ள போயிடும் கண்ணு."

அம்மா வீட்டுக்குள் போய்விட்டார். ஏன்குட்டிக்கு அழுகைதான் வரப் பார்த்தது. ஆனால் அதை முந்திக்கொண்டு ஒரு 'ஏன்' வந்துவிட்டது.

குனிந்து பார்த்தாள். திட்டுகள் எல்லாம் ஒரே திசையில் இழுபட்டிருந்தன. ஓர் இடத்தில் நாலு விரல் தடம்கூட இருந்தது. துணி போன வழி!

ஓடிப்போய் மாமா பக்கம் நின்றாள். ஒரு பசைச் சொட்டை நகத்தால் நெம்பினாள். 'டிக்'கென்று முழுசாகக் கழன்று வந்தது. அந்த இடத்தை நனைத்தாள். இணைப்பின் மேல் நூலளவுக்கு ஒரு தடம். உப்புத்தாளால் நாலு இழுப்பு இழுத்ததும் அதுவும் போயே போய்விட்டது.

சிந்திய பாலை ஈரத்துணியால் துடைத்தால் தரை முழுக்கப் பிசுபிசுக்குமே, அதே கதைதான். ஈரத்துணி பசையைக் கரைத்து மரத்துக்கே ஊட்டிவிட்டிருந்தது.

ஆனால் இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? ஏற்கெனவே முகம் வாடியிருக்கிறது. மாமா காதில் விழுந்தால் வருஷம் முழுக்கக் கிண்டல் பண்ணியே தீர்த்துவிடுவார். அவர் வருவதற்குள் சொல்லியாக வேண்டும்.

மிச்சமிருந்த கீற்றுத் துண்டுகளை எடுத்து இரண்டு இரண்டாக ஒட்டினாள். ஒரு ஜோடியை ஈரத்துணியால் துடைத்தாள். மற்றதை அப்படியே விட்டாள். மத்தியானத்துக்குள் அதில் பசை ரப்பர் மாதிரி ஆகியிருந்தது. பழைய ஸ்கேல் விளிம்பால் அதைச் சுரண்டி எடுத்தாள். இரண்டையும் தேய்த்து, தண்ணீரில் முக்கி, அம்மாவிடம் நீட்டினாள்.

"ஒண்ணைத் துடைச்சேன், ஒண்ணைத் துடைக்கல. இதுல எதும்மா நல்லாருக்கு?"

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "இதான். திட்டே இல்லையே! இதைத்தானே நல்லா துடைச்ச?"

"இல்லம்மா. அதைத் துடைக்கவே இல்ல."

அம்மா இன்னொரு துண்டைப் பார்த்தார். மறுபடி இதைப் பார்த்தார். "அப்போ... நான்தானா?"

"நீ இல்லம்மா. அந்த ஈரத்துணி."

அம்மா முதலில் உதட்டைக் கடித்தார். பிறகு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "மாமாகிட்ட மூச்சு விடாத!"

சாயங்காலம் மாமா பெயிண்ட் டப்பாவோடு வந்தபோது, அம்மா மேல்பாகத்தின் முதல் கீற்றை ஒட்டிக்கொண்டிருந்தார். குண்டாக ஒரு பசைச் சொட்டு பிதுங்கி வழிந்தது. அம்மா இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி அதையே பார்த்தார்.

மாமா பதறிவிட்டார். "அக்கா, வழியுது! உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"சும்மா இருடா. கொஞ்சம் காயட்டும், சுரண்டிக்கலாம்."

"அப்போ இந்தப் பெயிண்ட்?"

"உன் வீட்டு கேட்டுக்கு அடிச்சுக்கோ. என் பொண்ணு அடுக்கின மரம் ஊருக்கே தெரியணும்."

ஏன்குட்டி அலமாரிக்குப் பின்னால் கையை விட்டாள். பெயிண்டுக்கு அடியில் போய்விடக்கூடாதே என்று காலையில் ஒளித்து வைத்திருந்த, இருப்பதிலேயே அழகான கீற்றை எடுத்து வந்து அம்மாவிடம் கொடுத்தாள்.