சீட் பெல்ட்டில் ரத்தம்!

போன் அலறியது.

மங்காரோவா போலீஸ் ஸ்டேஷனின் ஒரே நாற்காலியில் அமர்ந்திருந்த ஒரே போலீஸ்காரன் ஹோனே, வாய் நிறைய சாஸேஜோடு ரிஸீவரை எடுத்தான்.

"ம்ம்ம்?"

"ஹோனே! ரத்தம்டா... ஒரே ரத்தம்!"

மரேயின் குரல். ஆற்றோரப் பண்ணைக்காரர். ஊரில் ஒரு ஆடு தும்மினால், அது மூக்கைத் துடைப்பதற்குள் அடுத்த பள்ளத்தாக்குக்குச் செய்தி சேர்த்துவிடுகிற மனிதர்.

சாஸேஜ் தொண்டையில் நின்றது.

"எங்கே அண்ணே?"

"ஆத்தைக் கடக்கிற இடத்துல! டெஸ்ஸோட புது வண்டி நிக்குது. இன்ஜின் ஓடிட்டே இருக்கு. சீட்டெல்லாம் ரத்தம்... பின்னாடி தொட்டியெல்லாம் ரத்தம்... டெஸ்ஸைக் காணோம்! ஒரு ரப்பர் பூட்ஸ் மட்டும் கிடக்குது!"

"பூட்ஸுக்குள்ள கால் இருக்கா?"

"நான் எட்டிப் பார்க்கலை. அதுக்குத்தானே உனக்குச் சம்பளம்!"

ஹோனே தொப்பியை எடுத்தான். நின்றான்.

"இருங்க... புது வண்டின்னா சொன்னீங்க? டெஸ் அங்கிள் அதைத் தொடவே மாட்டேன்னாரே!"

"அதான்டா மர்மமே!"

போலீஸ் ஜீப் சரளைக் கற்களை வாரி இறைத்துக்கொண்டு பறந்தது.

ஹோனேயின் மனசு அதைவிட வேகமாக, நேற்று சாயங்காலத்து மதுக்கடைக்குப் பறந்தது.

டெஸ் டன்ஸ்டர். செம்மறி வளர்ப்பவர். பன்றி வேட்டைக் கோப்பையை ஒவ்வொரு வருஷமும் வீட்டுக்குத் தூக்கிப் போகிறவர். போன இலையுதிர் காலத்தில் மலைச்சரிவில் அவருடைய பழைய நாலு சக்கர குவாட் பைக் அவர் மேலேயே உருண்டு, விலா எலும்பை நொறுக்கிவிட்டுப் போனது. 'அடுத்த தடவை என்கிட்ட வராதீங்க. நேரா பாதிரியார்கிட்ட போங்க' என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவர் மனைவி ரோனா மறுபேச்சுப் பேசவில்லை. புது சைடு-பை-சைடு வாங்கிவிட்டாள்!

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சீட். தலைக்கு மேல் இரும்புக் கூண்டு. பின்னால் தொட்டி... வைக்கோலையும் ஏற்றலாம், வேட்டையாடிய மானையும் ஏற்றலாம். எல்லாம் சரி. ஒரே ஒரு தொல்லை. சீட் பெல்ட்! அதை மாட்டாவிட்டால் வண்டி 'பிங்... பிங்...' என்று கத்தும். நொண்டி ஆட்டின் வேகத்துக்கு மேல் நகராது.

மங்காரோவா ஆண்கள் அதற்கும் மருந்து வைத்திருந்தார்கள். பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் சீட்டோடு மாட்டிவிட்டு, அதன் முன்னால் சட்டமாக உட்கார்ந்துகொள்வது. வண்டி ஏமாந்துவிடும்.

பெல்ட்டை நெஞ்சில் மாட்டுகிற ஒரே பிறவி ரோனாதான்.

டெஸ்ஸுக்கு அந்த வண்டியைக் கண்டாலே ஆகாது.

"பெல்ட் போட்டு உக்கார நான் என்ன கைக்குழந்தையா?" கடையே கேட்கும்படி கத்தினார். "அது வண்டி இல்லை ரோனா... தொட்டில்! ஒரு கிலுகிலுப்பையும் கட்டிவிடு!"

"நாளைக்கு டீலரோட லாரி வருது. குவாட் போகுது" என்றாள் ரோனா.

"என் பொணத்தைத் தாண்டித்தான் போகும்!"

"யோவ்... இன்னொரு தரம் அதுல ஏறிப் பாரு! மலை உன்னைக் கொல்றதுக்கு முன்னாடி நானே கொன்னு, ஆத்தங்கரையில புதைச்சிடுவேன்!"

கடையே சிரித்தது. ஹோனேயும் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

இப்போது சிரிப்பு வரவில்லை.

ஆற்றங்கரை!

* * *

பச்சை நிற வண்டி, தண்ணீர் ஓரத்தில் உறுமியபடி நின்றது. அதன்மேல் ஒரு கிழட்டு மக்ரோகார்ப்பா மரம், வானம் தெரியாத அடர்த்தியோடு கவிந்திருந்தது. தாங்கியில் துப்பாக்கி பத்திரமாக இருந்தது. பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கியபடி ஒரு பூட்ஸ்.

ஹோனே மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

கால் இல்லை!

"அப்பாடா..."

"என்னடா அப்பாடா? மீதி ஆளு எங்கே?" என்றார் மரே, கைகளைத் தேய்த்துக்கொண்டு. அவருக்கு இது பத்து வருஷத்துக்குப் போதுமான செய்தி.

சீட்டில் டெஸ்ஸின் ஆட்டு நாய் ஃப்ளோ உட்கார்ந்திருந்தது. அசையவில்லை. குரைக்கவில்லை. முகத்தை உயர்த்தி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தது.

"பார்த்தியா?" மரேயின் குரல் தழுதழுத்தது. "எசமான் மேலோகம் போயிட்டாருன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு. ஜெபம் பண்ணுது!"

"அண்ணே... இது பன்னி ரத்தமா இருக்கக் கூடாதா?"

"அப்படின்னா பன்னி எங்கே? டெஸ் சுட்ட பன்னி எழுந்து நடந்து வீட்டுக்குப் போயிடுச்சா? கோப்பை வாங்கின கைடா அது!"

நியாயம்தான்.

ஹோனே குனிந்து, தொங்கிக்கொண்டிருந்த சீட் பெல்ட்டைப் புரட்டினான்.

உறைந்தான்!

பெல்ட்டின் உள்பக்கம் முழுக்க ரத்தம். தோளிலிருந்து இடுப்பு வரைக்கும், பட்டையாய்! கொக்கியில் ரத்த விரல் ரேகை!

"அண்ணே... இந்தப் பெல்ட்டை முதுகுக்குப் பின்னாடி மாட்டலை. ரத்தக்கறை பட்ட ஒரு நெஞ்சு மேல மாட்டியிருக்காங்க. ஓட்டிட்டு வந்தவங்க பெல்ட் போட்டிருக்காங்க!"

"டெஸ்ஸா? செத்தாலும் போட மாட்டான்!"

"அப்போ ஓட்டினது டெஸ் அங்கிள் இல்லை."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இந்தப் பள்ளத்தாக்கில் பெல்ட் போடுகிற ஆள்...

"என்னடா முழிக்கிறீங்க ரெண்டு பேரும்?"

திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

ரோனா!

மேட்டிலிருந்து மூச்சிரைக்க இறங்கி வந்தாள். ஏப்ரன் முழுக்க ரத்தம். கையில் கத்தி!

மரே ஹோனேயின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"ஆ... ஆன்ட்டி... அந்தக் கத்தி..."

"நாய்ங்களுக்கு ஆடு அறுத்துட்டு இருந்தேன். மரே போன் பண்ணினான், போட்டது போட்டபடி ஓடி வர்றேன். டெஸ் எங்கே?"

"அதை நாங்க உங்ககிட்டதான் கேக்கணும்."

ரோனா வண்டியைப் பார்த்தாள். ரத்தத்தைப் பார்த்தாள். பூட்ஸைப் பார்த்தாள்.

கத்தி கையிலிருந்து நழுவிச் சரளையில் விழுந்தது.

"விடியறதுக்கு முன்னாடி எழுந்து போனான்... கோவத்துல ஷெட்டுல போய் உக்காந்திருப்பான்னு நினைச்சேன். குவாட் சாவியை நான் எடுத்து ஏப்ரன் பாக்கெட்ல ஒளிச்சு வெச்சுட்டேன் ஹோனே. அதான் இதை எடுத்திருக்கான்."

"அங்கிள் இதை எடுக்க மாட்டார்னு ஊருக்கே தெரியுமே ஆன்ட்டி. நேத்து நீங்க சொன்னதும் ஊருக்கே தெரியும். இதே ஆத்தங்கரை..."

"டேய்! உன் கல்யாணத்துக்கு கேக் செஞ்சவடா நான்!"

"கேக் நல்லாத்தான் இருந்துச்சு..." ஹோனே தொப்பியைச் சரிசெய்துகொண்டான். "ஆனா நான் ஹாமில்டன் பெரிய ஸ்டேஷனுக்குச் சொல்லியாகணும். அவங்க வந்தா உங்களைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க."

ரோனா வண்டிக்குள் குனிந்தாள். அந்த ஒற்றைப் பூட்ஸை எடுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். ஈரக் கல்லின் மேல் உட்கார்ந்தாள்.

"முரட்டுப் பய... குறட்டை விட்டா கூரைத் தகரம் அதிரும். ஆனா குட்டி போடற ஆட்டுக்காக ராத்திரி முழுக்க மழையில நிப்பான். எனக்குக் குளிரும்னு என் பூட்ஸை அடுப்புக்கிட்ட வெச்சு, சூடு பண்ணிட்டுத்தான் வெளியே போவான். இன்னிக்கும் வெச்சுட்டுத்தான் போயிருக்கான்..." குரல் உடைந்தது. "இவன் செத்துடக் கூடாதுன்னுதானேடா இந்த வண்டியை வாங்கினேன்! இதுலயே போயிட்டானா?"

மரத்திலிருந்து ஒரு காய் 'பொத்'தென்று ஹோனேயின் தொப்பியில் விழுந்தது. அவன் அதைத் தட்டிவிட்டான். ஃப்ளோ வாலை ஆட்டியது.

ஹோனே கைவிலங்கை எடுத்தான். அவன் கண்களும் கலங்கியிருந்தன. அந்த விலங்கு இதுவரை ஸ்டேஷன் கேட்டைப் பூட்டத்தான் பயன்பட்டிருக்கிறது.

"மன்னிச்சுக்கோங்க ஆன்ட்டி. கையை நீட்டுங்க..."

"நிறுத்துடா!!"

இடி போல் ஒரு குரல்!

மேலிருந்து!

மரே மண்டியிட்டுவிட்டார். "ஆண்டவரே!"

"ஆண்டவர் இல்லடா மடையா! நான்தான்!"

மக்ரோகார்ப்பாவின் கிளைகள் விலகின. ரத்தச் சட்டை... ஒரு காலில் பூட்ஸ்... இன்னொரு காலில் ஓட்டைச் சாக்ஸ்...

டெஸ்!

"அவளை விடு ஹோனே! அவ எதுவும் பண்ணலை! நான் ஒத்துக்கிறேன்... எல்லாத்தையும் ஒத்துக்கிறேன்!"

"எதை அங்கிள்?"

டெஸ் கண்களை மூடிக்கொண்டார். எச்சில் விழுங்கினார். கொலைக் குற்றவாளிகூட இவ்வளவு திணறியிருக்க மாட்டான்.

"அந்தப் பெல்ட்டை... நான்தான் போட்டேன்!"

ஹோனே கைவிலங்கைப் பாக்கெட்டில் போட்டான்.

"உயிரோட இருக்கியா?" ரோனா எழுந்தாள்.

"அது அப்புறம்! முதல்ல மரேயைக் காதைப் பொத்திக்கச் சொல்லு!"

மரே பொத்திக்கொள்ளவில்லை. இரண்டு காதுகளையும் கழுதைபோல் நிமிர்த்திக்கொண்டார்.

டெஸ் கிளையைக் கட்டிக்கொண்டே சொன்னார். "சாவி இல்லை. மேல் வயலை ஒரு பன்னி உழுதுட்டே இருக்கு. சரி, இருட்டுல யார் பார்க்கப் போறாங்கன்னு இதை எடுத்தேன். சும்மா ஒரு தடவை பெல்ட்டை மாட்டிப் பார்த்தேன் ஹோனே... பறக்குதுடா! போன தடவை நான் உருண்டேனே, அதே சரிவுல பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு ஏறுது!"

"பன்னி?"

"சுட்டேன். விழுந்துச்சு. குவாட்டா இருந்தா அதைக் கட்டி இழுக்கறதுக்குள்ள முதுகு முறிஞ்சிருக்கும். இதுல தூக்கித் தொட்டியில போட்டேன், வந்துட்டேன். வயித்தைக் கிழிச்சுச் சுத்தம்கூடப் பண்ணலை. விடியறதுக்குள்ள வண்டியைக் கொண்டு போய் நிறுத்தணுமே... யாராவது பார்த்துட்டா?"

"அப்புறம்?"

"ஆத்துக்கிட்ட வர்றப்போ பின்னாடி யாரோ இருமினாங்க."

"யாரு?"

"பன்னி."

மரேயின் வாய் பிளந்தது.

"திரும்பிப் பார்த்தேன். எழுந்து உக்காந்திருக்கு! என் தோள் மேல மூக்கை வெச்சுக்கிட்டு வழியைப் பார்த்துட்டு வருது! குண்டு மண்டையை உரசிட்டுத்தான் போயிருக்கு. பெல்ட்டைக் கழட்டினேன்... குதிச்சேன்... எப்படி மரம் ஏறினேன்னு எனக்கே தெரியாது. அது நிதானமா இறங்கி, முள்ளுப் புதர் பக்கம் போச்சு."

"அப்போ நடந்து வீட்டுக்குத்தான் போச்சா!" என்றார் மரே பரவசமாக.

"கீழே இறங்கலாம்னு பார்த்தா இந்த மரே வந்து நிக்கறான். இவன்கிட்ட மாட்டறதுக்குப் பன்னிகிட்டயே மாட்டலாம்னு உக்காந்துட்டேன்."

டெஸ் இறங்கி வந்தார். தரையைத் தொட்ட கணத்தில், அவருடைய சொந்தப் பூட்ஸே பறந்து வந்து அவர் தோளில் அறைந்தது.

"நான் ஒப்பாரி வெச்சதை எல்லாம் கேட்டுட்டா உக்காந்திருந்தே?"

"நல்லா இருந்துச்சு ரோனா... நடுவுல நிறுத்த மனசு வரலை."

அவள் இன்னொரு அடிக்குக் கையை ஓங்கினாள். ஏப்ரன் பாக்கெட்டில் போன் அடித்தது. எடுத்தாள்.

"டீலரோட லாரி டிரைவர். நம்ம வாசல்ல நிக்கறானாம்."

டெஸ் பச்சை வண்டியைப் பார்த்தார். பெல்ட்டைப் பார்த்தார்.

"குவாட்டை ஏத்திட்டுப் போகச் சொல்லு" என்றார், யாருக்கும் கேட்காத குரலில். "சாவியும் கொடுத்துடு."

ஓங்கிய கை இறங்கி, அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தது.

"ஹோனே..." டெஸ் தொண்டையைச் செருமினார். "ரிப்போர்ட்ல நான் பெல்ட் போடலைன்னு எழுதிடு."

"அது முடியாது அங்கிள். சட்டம் சட்டம்தான்."

"அப்படியா? மரத்து மேலேர்ந்து எல்லாம் நல்லாத் தெரியும்டா. ஜீப்புல பறந்து வந்தியே... உன் பெல்ட் எங்கே இருந்துச்சு?"

ஹோனேக்கு வேர்த்தது.

ரோனா போலீஸ் ஜீப்பின் கதவைத் திறந்தாள். டிரைவர் பெல்ட் சமர்த்தாக மாட்டியிருந்தது.

சீட்டின் முதுகோடு!

இந்த ஊரில் யாரும் வண்டியிலிருந்து சாவியை எடுப்பதில்லை. போலீஸும்தான். அதை ரோனா எடுத்தாள். குவாட் சாவி கிடந்த அதே பாக்கெட்டில் போட்டாள்.

"ஆன்ட்டி! அது அரசாங்க ஜீப்!"

"நடந்து வந்து வாங்கிக்கோ, அரசாங்கமே."

அவள் சைடு-பை-சைடில் ஏறினாள். பெல்ட்டை ஏப்ரனால் துடைத்து நெஞ்சில் மாட்டினாள். ஃப்ளோவைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, அதற்கும் பெல்ட் மாட்டினாள்.

டெஸ், ஹோனே, மரே மூவரும் அசடு வழிய நின்றார்கள்.

"அப்போ... நாங்க?"

ரோனா கட்டைவிரலால் பின்னால் காட்டினாள்.

"தொட்டியில ஏறுங்க. பன்னி உக்காந்து வந்த இடம்... உங்களுக்குப் பொருத்தமா இருக்கும். அங்கே பெல்ட்டே கிடையாது!"